கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் பாதை.
போகும், திரும்பும். நான் ஓட்டுகிறேன்.
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும்
வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன்,
பணிமனைச் சாப்பாட்டு அறையில்
வெந்நீர்க் கெண்டிக்கு மேலே குத்தி வைக்க.
சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவுமில்லை.

எழுதி முடிக்கும் இரவில்
ஒவ்வொரு வரியும் பொன்குஞ்சு.
காலை நாலரைக்கு, கண்ணாடியில் உறைபனி சுரண்டும்போது,
அதே வரி வெறும் காக்கைக்குஞ்சு,
வாயை மட்டும் பிளந்து வைத்திருக்கும்.

ஆகையால் இரவில் திருத்துவதை விட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் தாள் மூன்று நாள்
ரொட்டி டப்பாவுக்குள் கிடக்கும்,
கம்பு ரொட்டியின் புளிப்பு ஏறும்வரை.
வெள்ளிக்கிழமை, கடைசி நிறுத்தம்.
வண்டி திரும்ப ஆறு நிமிடம்.
காலி இருக்கைகளுக்கு உரக்கப் படிப்பேன்.
மூச்சு முட்டும் இடத்தில் ஒரு கோடு.
வெட்கம் வரும் இடத்தில் இரண்டு.
'உண்மையில்' எப்போதும் டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கும்.
'மிக மிக' இருவர் இடத்தை அடைத்து உட்கார்ந்திருக்கும்.
இறங்கு என்றால் இறங்காது. பென்சிலால் தள்ள வேண்டும்.

ஓயார்ஸ், பிரேக் பிரிப்பவன்,
விரல் வைத்துப் படிப்பான்.
"நல்லாயிருக்கு, வெல்கா" என்பான், வாராவாரம் அதே மூன்று சொல்.
கிரீஸ் அப்படியெல்லாம் மரியாதை பார்க்காது.
அவன் விரல் கறை ஒருமுறை
இரண்டாம் பத்தியின் நடுவில் நின்றுபோயிருந்தது,
கடல்மூட்டத்தை நான் ஏழு வரிக்கு நெய்திருந்த இடத்தில்.
கதவைத் திறந்தால் மூட்டம். அவனுக்குத் தெரியாதா?
அடுத்த வாரம் மூட்டத்துக்கு அரை வரி கொடுத்தேன்.
கறை ஒரு பத்தி கீழே வந்தது.

ஜனவரிப் பக்கம்தான் படுத்தியது.
ஈரப்பனி கொட்டும் மாலை. சந்தை நிறுத்தம்.
ஒரு மனிதர் ஓடிவருகிறார்,
கையில் புகையூட்டிய மீன் பொட்டலம்,
ஒரு காலணியின் நாடா அவிழ்ந்து இழுபடுகிறது.
'வண்டி கிளம்பிவிட்டது' என்று எழுதியிருந்தேன்.

மீனைத் திருத்தினேன். கெளுத்தி என்றேன், பிறகு விலாங்கு.
நாடாவின் நிறத்தை மாற்றினேன், திரும்ப அழித்தேன்.
பனிக்கு மூன்று உவமை போட்டுப் பார்த்தேன்.
ஐந்து வெள்ளிக்கிழமை.
அந்த ஒரு வரியை மட்டும் பென்சில் தொடவில்லை.
பிழை இல்லை, சின்ன வரி, மூச்சும் முட்டவில்லை.
ஆனால் அங்கே வரும்போது
என் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது,
மஞ்சள் விளக்கில் எடுக்குமே, அந்த வேகம்.

வண்டி தானாகவா கிளம்பியது?
பிடியைத் தள்ளிய கை யாருடையது?
பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார், முழுதாக,
வாய் திறந்திருந்ததுகூட.
எனக்கு இரண்டு நிமிடத் தாமதம். கால் வலி வேறு.

'வண்டி'யை அடித்தேன். 'விட்டது'வை அடித்தேன்.
'பார்த்தேன். கிளம்பினேன்.'

அவ்வளவுதான், பிறகு மற்றவை நிற்கவில்லை.
மூன்று உவமையும் எனக்காகச் சாட்சி சொல்ல
வரிசையில் நின்றவை என்று தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.
விலாங்கு வெறும் மீனானது.
நாடாவை வைத்துக்கொண்டேன், அது உண்மை.
பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.
மணி அடித்துவிட்டுக் கிளம்பினேன், அரை நிமிடம் தாமதமாக.

திங்கட்கிழமை ஓயார்ஸ் விரல் வைத்தான்,
அடி வரை போனான்,
அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை.
"அடுத்த வண்டியில் ஏறினாரா?" என்றான்.

"தெரியாது."

"அதை எழுதலையே."

காதில் செருகிய பென்சிலை எடுத்து நீட்டினான்.
கெண்டி கொதிக்கத் தொடங்கியிருந்தது.
தாள் சுவரிலேயே இருக்க, எக்கி நின்று,
ஆவியில் எழுத்து நெளிய நெளிய,
எழுதினேன்.